இணைய உலாவலில் தனியுரிமை

இணைய உலாவலில் தனியுரிமை என்பது, ஒருவர் உலாவியின் மூலம் எந்த வலைத்தளங்களைப் பார்க்கின்றார், எதைத் தேடுகின்றார், எதைப் படிக்கின்றார் என்பன போன்ற தகவல்கள் யாருக்குத் தெரியலாம் என்பதை அவரே தீர்மானிக்கும் உரிமையைக் குறிக்கும். அவ்வுரிமையைக் காத்துக்கொள்ள உதவும் தொழினுட்ப வழிமுறைகளும் இத்தலைப்பின் கீழ் அடங்கும். அந்தரங்கம் என்ற சொல்லும் இப்பொருளில் வழங்குகின்றது.

மறைநிலைச் சாளரம், மறைகுறியாக்கம், மெய்நிகர் தனியார் வலையமைப்பு, தோர் எனப் பல வழிமுறைகள் இன்று பயன்பாட்டில் உள்ளன. இவற்றுள் எதுவும் எல்லாரிடமிருந்தும் மறைப்பதில்லை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தரப்பினரிடமிருந்து மட்டுமே காக்கின்றது. எது யாரிடமிருந்து காக்கின்றது என்பதை அறியாமல் ஒன்றைப் பயன்படுத்துவோர், தாம் பாதுகாப்பாக இருப்பதாகத் தவறாக எண்ணி, வேறு சூழலில் வெளியிட விரும்பாதவற்றையும் வெளியிட்டுவிடும் வாய்ப்பு உண்டு.

ஒரு வலைப்பக்கம் வந்து சேரும் வழி

ஒரு வலைத்தளத்தின் பெயரை உலாவியில் உள்ளிட்டதும், உலாவி முதலில் அப்பெயருக்குரிய எண் முகவரியைக் களப்பெயர் முறைமையிடம் கேட்டுப் பெறுகின்றது. இம்முறைமை டி.என்.எஸ். எனச் சுருக்கமாக அழைக்கப்படும். பின்னர் அந்த முகவரியில் உள்ள வழங்கிக்குக் கோரிக்கை அனுப்பப்படுகின்றது. இக்கோரிக்கை பயனரின் திசைவி, இணையச் சேவை வழங்குநர், இடையிலுள்ள பிற வலையமைப்புகள் ஆகியவற்றைக் கடந்தே வழங்கியை அடைகின்றது. விடை திரும்பி வரவேண்டும் என்பதால், கோரிக்கையில் அனுப்புநரின் ஐ.பி. முகவரியும் இடம்பெறுகின்றது.

வந்து சேரும் பக்கம் முழுவதும் ஒரே வழங்கியிலிருந்து வருவது அரிது. பக்கத்தில் காணப்படும் விளம்பரங்கள், நிகழ்படங்கள், எழுத்துருக்கள், வருகையாளரை எண்ணும் நிரல்கள் ஆகியன வேறு நிறுவனங்களின் வழங்கிகளில் இருக்கலாம். உலாவி, பயனரைக் கேளாமலேயே அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோரிக்கைகளை அனுப்புகின்றது. பயனர் ஒரு தளத்துக்கு மட்டும் சென்றதாக எண்ணும்போது, பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அவ்வருகை தெரிந்திருக்கக்கூடும்.

யார் யார் பார்க்க இயலும்

எடுத்துக்காட்டாக, கல்லூரி விடுதியில் தங்கியிருக்கும் மாணவர் ஒருவருக்குக் காசநோய் இருப்பதாக ஐயம் எழுகின்றது எனக் கொள்வோம். அவர் தம் அறைத்தோழரின் கணினியில், விடுதியின் வை-ஃபை இணைப்பு வழியாக, மருத்துவத் தகவல் தளம் ஒன்றில் அந்நோயைப் பற்றிப் படிக்கின்றார். நோயைப் பற்றிய செய்தி விடுதியில் பரவினால் தம்மை ஒதுக்கிவிடுவர் என அவர் அஞ்சுகின்றார். இச்செயலை அறியக்கூடிய தரப்பினர் நால்வர்.

1. அதே கணினியைப் பயன்படுத்துவோர்: இங்கு அறைத்தோழர்.
2. இணைப்பை வழங்குவோர்: விடுதியின் வலையமைப்பை நடத்துவோர், இணையச் சேவை வழங்குநர்.
3. பார்க்கப்படும் தளத்தை நடத்துவோர்: மருத்துவத் தகவல் தளம், அத்தளத்துக்கு இட்டுச் சென்ற தேடுபொறி.
4. மூன்றாம் தரப்பினர்: அத்தளத்தில் விளம்பரங்களையும் கண்காணிப்பு நிரல்களையும் இட்டுள்ள நிறுவனங்கள்.

கீழ்வரும் பகுதிகள் இத்தரப்பினரை நோக்குகின்றன.

ஒரே கணினியைப் பயன்படுத்துவோரும் மறைநிலைச் சாளரமும்

உலாவி, பார்த்த பக்கங்களின் பட்டியலை வரலாறு என்ற பெயரில் சேமித்து வைக்கின்றது. பக்கங்களை விரைவாகத் திறப்பதற்காகப் படங்களின் படிகளையும், படிவங்களில் உள்ளிட்ட சொற்களையும் சேமிக்கின்றது. அடுத்து அக்கணினியில் அமர்பவர் இவற்றைக் காண இயலும்.

இதனைத் தவிர்ப்பதற்கான தனி உலாவல் முறையை ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி உலாவி 2005 ஆம் ஆண்டு வழங்கியது. கூகுள் குரோம் 2008 இலும், இன்டர்நெட் எக்சுபுளோரர், பயர்பாக்சு ஆகியன 2009 இலும் இத்தகைய வசதியைச் சேர்த்தன. குரோமில் இது மறைநிலை எனப்படுகின்றது. இம்முறையில் திறக்கும் சாளரத்தை மூடியதும் அந்த அமர்வின் வரலாறு, குக்கிகள், படிவத் தரவுகள் ஆகியவற்றை உலாவி அழித்துவிடுகின்றது. தரவிறக்கிய கோப்புகளும் சேமித்த நூற்குறிகளும் அழிவதில்லை.

மேற்கூறிய மாணவர் மறைநிலைச் சாளரத்தைப் பயன்படுத்தினால், அறைத்தோழருக்கு உலாவியின் வழியே செய்தி தெரியாது. விடுதி வலையமைப்பு, சேவை வழங்குநர், மருத்துவத் தளம் ஆகியோரிடம் செல்லும் கோரிக்கைகளில் ஐ.பி. முகவரி முன்போலவே இருக்கும். கணினியில் விசைப்பலகைத் தட்டல்களைப் பதிவுசெய்யும் உளவு மென்பொருள் நிறுவப்பட்டிருந்தால், மறைநிலைச் சாளரத்தால் அதனைத் தடுக்க இயலாது.

இவ்வேறுபாட்டைப் பயனர்கள் பலர் அறிந்திருக்கவில்லை என்பது ஒரு வழக்கின் மூலம் வெளிப்பட்டது. மறைநிலையில் உலாவியபோதும் தமது தரவுகள் திரட்டப்பட்டன எனக் கூறிப் பயனர்கள் சிலர் 2020 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் கூகுள் மீது வழக்குத் தொடர்ந்தனர். பிற தளங்களில் இடம்பெற்ற கூகுளின் நிரல்கள் மறைநிலையிலும் செயற்பட்டதே வழக்கின் மையம். 2024 ஆம் ஆண்டு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, திரட்டிய பதிவுகளை அழிக்கவும், மறைநிலைச் சாளரத்தின் தொடக்கத்தில் காட்டப்படும் விளக்கத்தைத் திருத்தவும் அந்நிறுவனம் இணங்கியது.

இந்தியாவில் இணைய மையங்களைப் பயன்படுத்துவோர் வேறொன்றையும் கருத்திற்கொள்ள வேண்டும். 2011 ஆம் ஆண்டின் இணைய மையங்களுக்கான வழிகாட்டு விதிகள், பயனரின் அடையாளத்தைச் சரிபார்த்துப் பதிவேட்டில் குறிக்கவும், பார்த்த தளங்களின் விவரத்தைக் குறைந்தது ஓராண்டு பாதுகாக்கவும் மைய உரிமையாளரைக் கோருகின்றன. சாளரத்தை மூடுவதால் இப்பதிவுகள் அழிவதில்லை.

இணைப்பை வழங்குவோரும் மறைகுறியாக்கமும்

பழைய எச்.டி.டி.பி. நெறிமுறையில் தரவுகள் திறந்த வடிவிலேயே செல்லும். இதனை அஞ்சலட்டைக்கு ஒப்பிடலாம். வழியில் கையாளும் எவரும் அதில் எழுதியிருப்பதைப் படிக்கலாம். எச்.டி.டி.பி.எஸ். நெறிமுறையில் உள்ளடக்கம் மறைகுறியாக்கப்பட்டு அனுப்பப்படுகின்றது. இது ஒட்டிய உறையிலிட்ட கடிதம் போன்றது. உறையின் மேலுள்ள முகவரியை இடையில் உள்ளோர் காணலாம். உள்ளிருப்பதைப் படிக்க இயலாது.

தொடக்கத்தில் வங்கித் தளங்களும் வணிகத் தளங்களுமே மறைகுறியாக்கத்தைப் பெரிதும் பயன்படுத்தின. பிற தளங்களில் உள்நுழையும் பக்கம் மட்டும் மறைகுறியாக்கப்பட்டு, ஏனைய பக்கங்கள் திறந்த வடிவில் அனுப்பப்பட்டன. 2010 ஆம் ஆண்டு எரிக் பட்லர் என்பவர் ஃபயர்சீப் என்ற பயர்பாக்சு நீட்சியை வெளியிட்டு இம்முறையின் குறையை உணர்த்தினார். கடவுச்சொல் இடப்படாத வை-ஃபை இணைப்பில் இருக்கும் எவரும், அதே இணைப்பில் உள்ள மற்றொருவரின் உள்நுழைவுக் குக்கியைக் கைப்பற்றி, அவருடைய சமூக வலைத்தளக் கணக்கினுள் சில சொடுக்குகளில் நுழைந்துவிட அது வழிசெய்தது. அதன் பின்னர் பெரிய தளங்கள் படிப்படியாக முழு மறைகுறியாக்கத்துக்கு மாறின. 2013 ஆம் ஆண்டு எட்வர்டு சுனோடன் வெளியிட்ட ஆவணங்கள் அமெரிக்க அரசின் பரவலான இணையக் கண்காணிப்பை வெளிக்கொணர்ந்தமையும், மறைகுறியாக்கச் சான்றிதழ்களை இலவசமாக வழங்கும் லெட்சு என்கிரிப்டு திட்டம் 2015 இன் இறுதியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தமையும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தின.

எச்.டி.டி.பி.எஸ். பயன்படுத்தும்போது மாணவரின் விடுதி வலையமைப்புக்கு அவர் பார்த்த தளத்தின் பெயர் பொதுவாகத் தெரியும். அத்தளத்தில் எந்தப் பக்கத்தைப் படித்தார் என்பது தெரியாது. பொது மருத்துவத் தளமாயின் காசநோய் பற்றிய செய்தி வெளிப்படாது. காசநோய்க்கென்றே உள்ள தளமாயின் அதன் பெயரே செய்தியை வெளிப்படுத்திவிடும்.

தளத்தின் பெயர் வெளிப்படும் வழிகளுள் ஒன்று டி.என்.எஸ். வினவல் ஆகும். இவ்வினவல்கள் நீண்டகாலமாகத் திறந்த வடிவிலேயே அனுப்பப்பட்டு வந்தன. இவற்றை எச்.டி.டி.பி.எஸ். வழியாக அனுப்பும் முறை 2018 ஆம் ஆண்டு ஆர்.எஃப்.சி. 8484 ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. இன்றைய உலாவிகள் பலவற்றின் அமைப்புகளில் இதனைத் தெரிவுசெய்யலாம்.

மெய்நிகர் தனியார் வலையமைப்பு

வி.பி.என். எனப்படும் மெய்நிகர் தனியார் வலையமைப்பு, கணினியிலிருந்து செல்லும் தரவுகள் அனைத்தையும் மறைகுறியாக்கி, இடையிலுள்ள ஒரு நிறுவனத்தின் வழங்கிக்கு அனுப்புகின்றது. அவ்வழங்கியே பயனருக்காக வலைத்தளங்களைத் தொடர்புகொள்கின்றது. இதனால் சேவை வழங்குநருக்குத் தளங்களின் பெயர்கள் தெரிவதில்லை. தளங்களுக்குப் பயனரின் உண்மையான ஐ.பி. முகவரி தெரிவதில்லை.

ஆனால் சேவை வழங்குநர் முன்பு அறிந்திருந்தவற்றை இப்போது வி.பி.என். நிறுவனம் அறிகின்றது. பயனர் தம் நம்பிக்கையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றியிருக்கின்றார் என்பதே இதன் பொருள். பதிவுகளை வைத்திருப்பதில்லை என நிறுவனங்கள் கூறுவதைப் பயனர் நேரடியாகச் சரிபார்க்க இயலாது. இலவசச் சேவைகளைப் பொறுத்தவரை, அவற்றின் செலவு எவ்வாறு ஈடுசெய்யப்படுகின்றது என்பதை எண்ணிப் பார்ப்பது தேவை.

இந்தியக் கணினி அவசரநிலைச் செயற்குழுவான செர்ட்-இன், வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐ.பி. முகவரி முதலிய விவரங்களை ஐந்தாண்டுகள் பாதுகாக்கவேண்டும் என 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. இதனைத் தொடர்ந்து வெளிநாட்டு நிறுவனங்கள் சில இந்தியாவிலிருந்த தமது வழங்கிகளை அகற்றிக்கொண்டன.

குக்கிகளும் மூன்றாம் தரப்பினரும்

எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு நினைவு இல்லை. ஒரே பயனர் அடுத்தடுத்து அனுப்பும் இரண்டு கோரிக்கைகளையும் வழங்கி தொடர்பற்றவையாகவே கருதும். இதனால் இணையக் கடைகளில் தெரிவுசெய்த பொருட்களை நினைவில் வைத்திருக்க வழியில்லாதிருந்தது. 1994 ஆம் ஆண்டு நெட்சுகேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டுலி இதற்குத் தீர்வாகக் குக்கியை உருவாக்கினார். வழங்கி ஒரு சிறு குறிப்பை உலாவியிடம் கொடுக்கின்றது. உலாவி அதே வழங்கிக்கு மீண்டும் செல்லும்போது அக்குறிப்பைத் திருப்பிக் காட்டுகின்றது. வங்கியில் அலுவலர் கொடுக்கும் அடையாள வில்லையைப் பின்னர் காட்டிப் பணம் பெறுவதை இதற்கு ஒப்பிடலாம். தமிழில் இது நினைவி எனவும் வழங்கப்படுகின்றது.

பார்க்கும் தளமே இடும் குக்கி முதல் தரப்புக் குக்கி எனப்படும். பக்கத்தில் உள்ள விளம்பரம் போன்றவற்றின் வழங்கிகள் இடுவது மூன்றாம் தரப்புக் குக்கி ஆகும். மாணவர் பார்த்த மருத்துவத் தளத்தில் ஒரு விளம்பர நிறுவனத்தின் நிரல் இருப்பின், அந்நிறுவனம் ஓர் எண்ணைக் குக்கியாக இடுகின்றது. மறுநாள் அதே உலாவியில் திறக்கும் செய்தித்தளத்திலும் அந்நிறுவனத்தின் நிரல் இருந்தால், அதே எண் மீண்டும் காட்டப்படும். பெயர் தெரியாவிட்டாலும், காசநோயைப் பற்றிப் படித்தவரும் இச்செய்தியைப் படிப்பவரும் ஒருவரே என அந்நிறுவனம் அறிந்துகொள்கின்றது. மாணவர் மறைநிலைச் சாளரத்தைப் பயன்படுத்தாதிருந்தால், அறைத்தோழர் பின்னர் உலாவும்போது நோய் தொடர்பான விளம்பரங்கள் அவருக்குத் தோன்றவும் கூடும்.

இச்சிக்கல் தொடக்கத்திலேயே உணரப்பட்டது. 1997 ஆம் ஆண்டு வெளியான ஆர்.எஃப்.சி. 2109, மூன்றாம் தரப்புக் குக்கிகளை உலாவிகள் இயல்பாக ஏற்கக்கூடாது எனப் பரிந்துரைத்தது. அக்காலத்து முதன்மை உலாவிகளான நெட்சுகேப்பும் இன்டர்நெட் எக்சுபுளோரரும் இதனைப் பின்பற்றவில்லை. 1999 ஆம் ஆண்டு, இணைய விளம்பர நிறுவனமான டபுள்கிளிக், அஞ்சல் வழி வணிகத்தின் வாடிக்கையாளர் பெயர், முகவரிகளைக் கொண்ட அபாக்கசு டைரக்டு நிறுவனத்தை வாங்கியது. பெயரற்ற உலாவல் பதிவுகளுடன் உண்மைப் பெயர்களை இணைக்க அது திட்டமிட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. 2000 மார்ச்சில் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2008 இல் டபுள்கிளிக் கூகுளின் உடைமையாயிற்று.

சஃபாரி உலாவி 2020 மார்ச் முதல் மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுமையாகத் தடுக்கின்றது. பயர்பாக்சு 2022 முதல் ஒவ்வொரு தளத்துக்கும் குக்கிகளைத் தனித்தனிப் பெட்டியில் வைக்கும் முறையை இயல்பாகச் செயற்படுத்துகின்றது. குரோமில் இவற்றை நீக்கப்போவதாகக் கூகுள் 2020 இல் அறிவித்துப் பலமுறை தள்ளிவைத்தது. பின்னர் 2024 இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. ஆகவே குரோமின் வழக்கமான சாளரத்தில் இவற்றைத் தடுக்க விரும்புவோர் அமைப்புகளில் தாமே மாற்றம் செய்யவேண்டும்.

உலாவியின் கைரேகை

குக்கிகளை அழித்தாலும் ஓர் உலாவியை அடையாளம் காண வழி உண்டு. இயங்குதளம், உலாவியின் பதிப்பு, திரையின் அளவு, நேர வலயம், மொழித் தெரிவு, நிறுவப்பட்ட எழுத்துருக்கள் ஆகியவற்றைத் தளங்கள் அறிய இயலும். இவை தனித்தனியே பொதுவானவை. ஒன்றுசேரும்போது பெரும்பாலும் ஒரே ஒரு கணினிக்கு மட்டும் உரியவையாக அமைந்துவிடுகின்றன. இது உலாவியின் கைரேகை எனப்படும். மின்னணு எல்லை அறக்கட்டளை 2010 இல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட ஏறத்தாழ 4,70,000 உலாவிகளுள் 83.6 விழுக்காடு தனித்து அடையாளம் காணத்தக்கனவாக இருந்தன.

அரிதான தெரிவுகள் கைரேகையை மேலும் தெளிவாக்குகின்றன. உலாவியின் முதன்மை மொழியாகத் தமிழைத் தெரிவுசெய்து, பல தமிழ் எழுத்துருக்களையும் நிறுவியிருக்கும் ஒருவர், பிறமொழித் தளமொன்றின் வருகையாளர்களிடையே எளிதில் தனித்துத் தெரிவார். இதே காரணத்தால், தனியுரிமைக்காக ஏராளமான நீட்சிகளை நிறுவுவதும் சில வேளைகளில் எதிர் விளைவைத் தரலாம்.

தோர்

தோர் என்பது, கோரிக்கையை மூன்று இடைவழங்கிகள் வழியாக அனுப்பும் வலையமைப்பு ஆகும். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990களின் நடுப்பகுதியில் தோன்றிய வெங்காய வழிப்படுத்தல் என்ற கருத்துருவை இது அடிப்படையாகக் கொண்டது. தரவு மூன்று அடுக்குகளாக மறைகுறியாக்கப்படுகின்றது. ஒவ்வோர் இடைவழங்கியும் வெங்காயத்தின் தோலை உரிப்பதுபோல் ஓர் அடுக்கை மட்டும் நீக்குகின்றது. முதல் வழங்கிக்குப் பயனர் யார் என்பது தெரியும், செல்லும் தளம் தெரியாது. இறுதி வழங்கிக்குத் தளம் தெரியும், பயனர் தெரியாது. தோர் உலாவி, தன் பயனர்கள் அனைவரின் கைரேகைகளையும் இயன்ற அளவு ஒன்றுபோலக் காட்டவும் முயல்கின்றது.

இதற்கும் வரம்பு உண்டு. இறுதி வழங்கியிலிருந்து தளம் வரையிலான பாதையைத் தோர் மறைகுறியாக்குவதில்லை. சுவீடனைச் சேர்ந்த டான் எகர்சுடாடு 2007 இல் தாமே சில இறுதி வழங்கிகளை இயக்கி, தூதரகங்கள் பலவற்றின் மின்னஞ்சல் கடவுச்சொற்களைப் பெற்றுக் காட்டினார். தோரைப் பயன்படுத்தியவர்கள் அது உள்ளடக்கத்தையும் இறுதிவரை மறைக்கும் எனக் கருதியதே இதற்குக் காரணம். எனவே தோர் வழியிலும் எச்.டி.டி.பி.எஸ். தேவை.

பார்க்கும் தளங்களும் தேடுபொறிகளும்

பயனர் தாமே தட்டச்சு செய்யும் சொற்களை, அவற்றைப் பெறும் தளத்திடமிருந்து எந்த வழிமுறையும் மறைக்க இயலாது. 2006 ஆகத்தில் ஏ.ஓ.எல். நிறுவனம், ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் ஏறத்தாழ இரண்டு கோடித் தேடல்களை ஆய்வுக்கென வெளியிட்டது. பெயர்களுக்குப் பதிலாக எண்களே இடப்பட்டிருந்தன. ஆயினும் ஒரே எண்ணுக்கு உரிய தேடல்களை ஒருசேரப் படித்தபோது, ஊர்ப் பெயர், உறவினரின் குடும்பப் பெயர், நோய்கள் ஆகியன வரிசையாகத் தெரிந்தன. நியூயார்க் டைம்சு செய்தியாளர்கள் சில நாட்களிலேயே ஒரு மூதாட்டியை அவ்வாறு கண்டறிந்தனர். பெயரை நீக்கியதால் மட்டும் ஒரு பதிவு அடையாளமற்றதாகிவிடாது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகக் காட்டப்படுகின்றது.

கணக்கில் உள்நுழைந்தபடி தேடும்போது, தேடல்கள் நேரடியாக அக்கணக்குடன் இணைகின்றன. அந்நிலையில் வி.பி.என்., தோர் ஆகியவற்றாலும் பயனில்லை.

சட்டங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தது. இன்றியமையாதவை அல்லாத குக்கிகளை இடப் பயனரின் தெளிவான ஒப்புதல் வேண்டும் என்றும், முன்னரே குறியிடப்பட்ட பெட்டி ஒப்புதல் ஆகாது என்றும் ஐரோப்பிய நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. இந்தியாவில், தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகத்து 24 அன்று தீர்ப்பளித்தது. 2023 இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இலங்கையில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் நிறைவேற்றப்பட்டது.

நடைமுறையில் செய்யக்கூடியவை

* பிறருடைய கணினியிலும் இணைய மையத்திலும் மறைநிலைச் சாளரத்தைப் பயன்படுத்துதல், முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறிச் சாளரத்தை மூடுதல், தரவிறக்கிய கோப்புகளை நீக்குதல்.
* முகவரி எச்.டி.டி.பி.எஸ். எனத் தொடங்குகின்றதா எனப் பார்த்தல். இக்குறி இணைப்பின் பாதுகாப்பை மட்டுமே காட்டும், தளத்தை நடத்துவோரின் நேர்மையைக் காட்டாது.
* மூன்றாம் தரப்புக் குக்கிகளை உலாவியின் அமைப்புகளில் தடுத்தல்.
* உடல்நலம், பணம் போன்றவை பற்றிய தேடல்களைக் கணக்கில் உள்நுழையாமல் மேற்கொள்ளல்.
* உலாவியை இற்றைப்படுத்தி வைத்தல், தேவையற்ற நீட்சிகளை நீக்குதல்.
* வி.பி.என். சேவையைத் தெரிவுசெய்யும் முன், அந்நிறுவனம் எந்நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டது, எவற்றைப் பதிவுசெய்கின்றது என்பவற்றைப் படித்தல்.

மேற்கூறிய மாணவர் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, எச்.டி.டி.பி.எஸ். வசதியுள்ள பொது மருத்துவத் தளம் ஒன்றைக் கணக்கு எதிலும் உள்நுழையாமல் படித்தாரேயானால், அறைத்தோழருக்கும் விடுதி நிருவாகத்துக்கும் அவருடைய நோய் பற்றிய செய்தி பொதுவாகத் தெரியவராது. அவர் அஞ்சிய தரப்பினர் அவ்விருவரே என்பதால், அவருக்கு இவ்வளவு போதுமானது. தம் அரசுக்கோ இணையச் சேவை வழங்குநருக்கோ அஞ்சும் இதழாளர் ஒருவருக்கு இது போதாது.